பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு

"மேடம், இந்தக் காரோட விலைக்கு நான் குடியிருக்கற தெருவையே வாங்கிடலாம்," என்றான் ரேடியோ. "தெருவோட சேர்த்து என் வீட்டு ஓனரையும் வாங்கலாம். அப்புறம் மாசாமாசம் ஒண்ணாம் தேதி காலையில அவர் கதவைத் தட்டி, என்ன சார், வாடகை இன்னும் வரலையேன்னு கேக்கலாம்."

தராசு மேடம் வேலையில் இருந்தார். கார் ஷெட்டின் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் முழங்கால் போட்டு, திறந்த கதவுக்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்த்துப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிட்டவர். கம்பெனி பக்கமும் சாய மாட்டார், கட்சிக்காரர் பக்கமும் சாய மாட்டார் என்பதால் வந்த பெயர் தராசு. ரிட்டயர் ஆனபிறகு துப்பறியும் ஆபீஸ் திறந்தபோது பெயரும் கூடவே வந்துவிட்டது. உதவிக்கு வந்த ரேடியோவுக்குப் பெயர் வந்த காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பத்து மூன்று வயது, பன்னிரண்டு வருஷமாக மேடத்தின் வண்டியை ஓட்டுகிறான். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் வாய் மூடியிருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். இருபத்து நாலு வயதான கூபே. இரண்டே கதவு, நீள மூக்கு, கரும்பச்சை நிறம், உள்ளே பால் நிறத்தில் தோல் சீட்டுகள். புதிதாக வந்தபோது பணக்காரர்கள் மட்டும் வாங்கினார்கள். பிறகு பல வருஷம் அதை ஒருவரும் சீந்தவில்லை. ஐந்தாறு வருஷமாகத்தான் பழைய கார் சேகரிப்பவர்களின் கண் அதன்மேல் விழுந்து, விலை ஆளை மிரட்டும் உயரத்துக்குப் போய்விட்டது. அந்தச் சந்தையில் மூன்று விஷயம்தான் பார்ப்பார்கள். கை மாறாத ஒரே சொந்தக்காரர், அசல் பெயிண்ட், குறைந்த கிலோமீட்டர். இந்தக் காரின் மீட்டர் 18,412 என்றது. அது உண்மையானால் ஒரு நல்ல வீட்டின் விலை கிடைக்கும். லட்சத்தைத் தாண்டி ஓடிய வண்டியென்றால் அந்த வீட்டின் கார் ஷெட்டுக்கு உண்டான விலைதான்.

சனிக்கிழமை ஏலம். நேற்று ஏலக் கம்பெனியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் பெயிண்டைப் பார்த்துத் தலையாட்டினார், இன்ஜினைப் பார்த்துச் சிரித்தார், கடைசியாக சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மீட்டரைத் திருப்பியிருப்பாங்களோன்னு சந்தேகமா இருக்கு. தெளிவுபடுத்துங்க, இல்லேன்னா லிஸ்ட்லேர்ந்து எடுத்துடுவோம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"திருப்பினது யாருன்னு எனக்குத் தெரியும் மேடம்," என்றாள் ஷெட் வாசலில் நின்ற பல் டாக்டர். "நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

கார் அவளுடைய அப்பாவுடையது. ஊரில் மூன்று மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். நாற்பது நாளைக்கு முன்பு தூக்கத்திலேயே போய்விட்டார். மகள் வெளிநாட்டில் கிளினிக் நடத்துபவள். வந்ததிலிருந்து அவள் வாசற்படியைத் தாண்டி ஷெட்டுக்குள் காலை வைக்கவில்லை என்பதை ரேடியோ கவனித்தான்.

"யாரு?" என்றார் மேடம், தலையை வெளியே எடுக்காமல்.

"மெக்கானிக் மாமா. இந்தக் கார் வந்த நாள்லேர்ந்து அவர்தான் பாத்துக்கறார். சாவி ரெண்டு. ஒண்ணு அப்பாகிட்ட, இன்னொண்ணு அவர்கிட்ட. அப்பாவுக்குக் கண்ணுல பிரஷர் வந்து பார்வை போயிடுச்சு, ஆறு வருஷமா ஸ்டியரிங்கைத் தொட்டதில்ல. வேற வண்டியிலயும் ஏற மாட்டார், அவ்வளவு பிடிவாதம். அப்ப ஓட்டினது வேற யாரா இருக்க முடியும்? அவர் வெளிய எடுத்துட்டுப் போய் சம்பாதிச்சிருக்கார்."

"கண்ணாடிக் கடைக்காரருக்கே கண்ணு," என்று ஆரம்பித்த ரேடியோ, மேடம் திரும்பிப் பார்த்ததும் மீதியை விழுங்கினான்.

"கூடப் பொறந்தவங்க?"

"யாரும் இல்ல."

அவள் யோசிக்காமல் சொன்னாள். ஆனால் வரும் வழியில் ஹாலைக் கடந்தபோது ரேடியோ பார்த்திருந்தான். சுவரில் வரிசையாக மூன்று படம். அப்பா, அம்மா, முன்பல் இல்லாமல் சிரிக்கும் ஒரு சின்னப் பையன். நாலாவது படம் இருந்த இடத்தில் ஆணியும், மங்காத பெயிண்டில் ஒரு சதுரமும் மட்டும் இருந்தன.

"மீட்டர் 18,412-லதான் நின்னுது, அதுக்கு என்கிட்ட ஆதாரம் இருக்கு," என்று அவள் போனை நீட்டினாள். "அஞ்சு வருஷமா அப்பா வாராவாரம் ஞாயித்துக்கிழமை மீட்டரைப் படம் எடுத்து அனுப்புவார். நான்தான் அனுப்பச் சொன்னேன். ஓடாம இருந்தாத்தான் விலை ஏறும்னு சொல்லி வச்சிருந்தேன். ஏலத்துல எந்தக் கார் என்ன விலைக்குப் போச்சுன்னு பேப்பர்ல வந்தா அதையும் அனுப்புவேன்."

ரேடியோ போனை வாங்கித் தள்ளிக்கொண்டே போனான். மேலும் கீழும் ஒரே படம். கொஞ்சம் சாய்ந்த, கொஞ்சம் கலங்கிய 18,412. இருநூறுக்கும் மேல்.

"என்ன டாக்டர் இது," என்று சிரித்தான். "வளரவே வளராத குழந்தைக்கு வாராவாரம் போட்டோ எடுத்த மாதிரி இருக்கு!"

அவள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். ரேடியோவுக்கு எதுவோ தப்பாகிவிட்டது என்று மட்டும் புரிந்தது.

"இங்க வா," என்றார் மேடம். "இந்த ரெண்டு சீட்டையும் பாத்துச் சொல்லு."

"டிரைவர் சீட் கடையிலேர்ந்து இப்பத்தான் வந்த மாதிரி இருக்கு. பக்கத்து சீட்டு பழைய செருப்பா தேஞ்சிருக்கு. தேயறது எப்பவும் டிரைவர் சீட்டுதானே மேடம்? இது என்ன, டிரைவரே இல்லாம ஓடின காரா?"

"பக்கத்து சீட்டுல ஏறி இறங்கற ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு பாரு. ஒரே ஆள், பல நூறு தடவை. கீழ கார்ப்பெட்டுல வட்டமா ஒரு பள்ளம். கைத்தடி ஊனின இடம். பின் சீட்டு? யாரும் உக்காந்த அடையாளமே இல்ல." மேடம் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். "டிரைவர் சீட்டு ஏன் புதுசா இருக்குன்னு யோசி. யாரும் உக்காரலேன்னா தூசு இருக்கணும். இல்ல. அப்ப உக்காந்தவர் சீட்டு அழுக்காகாம எதையோ விரிச்சுட்டு உக்காந்திருக்கார். வாழ்க்கை முழுக்க அடுத்தவங்க வண்டியில உக்காரும்போது துணி விரிச்சே பழகின ஆளு."

"மெக்கானிக்!"

"பானட்டைத் தூக்கு."

மேடம் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை இன்ஜின் மூடியின் அடியில் நுழைத்தார். அங்கே வெள்ளை பெயிண்ட் பேனாவால், நிதானமான கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'புது பெல்ட் 98,212.'

ரேடியோ விசில் அடித்தான். "மீட்டர் பதினெட்டாயிரம்தான் சொல்லுது. பெல்ட் மாத்தினது தொண்ணூத்தி எட்டாயிரத்துலயா? மாட்டினான்யா மாமா! திருட்டுத்தனம் பண்ணிட்டு அதைக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கான்!"

"அதான் இடிக்குது," என்றார் மேடம். "வாடகைக்கு விட்டுக் காசு பாக்கறவன் கைக்காசு போட்டு பெல்ட் மாத்துவானா? மீட்டரை ஏமாத்தினவனுக்கு இன்ஜினை ஏமாத்த மனசு வரல. வண்டியை எடு."

*

பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. தகரக் கூரை, சுவரெல்லாம் ஸ்பேனர், தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. அறுபதைத் தாண்டிய ஒல்லி மனிதர் ஒருவர் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பல் டாக்டர் அனுப்பினார் என்றதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான்தாங்க திருப்பினேன்," என்றார். "கல்யாணத்துக்கு, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டேன். வந்த காசை நான் வச்சுக்கிட்டேன். எழுதிக்குங்க."

"மேடம், கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே பதில் வருது," என்றான் ரேடியோ. "நமக்கு இன்னிக்கு அரை நாள் லீவு."

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கல்யாணத்துக்கா? ரெண்டு கதவு வண்டியில?"

"ஆமாங்க."

"பொண்ணு மாப்பிள்ளை எங்க உக்காருவாங்க?"

"பின்னால."

"முன் சீட்டை மடக்கி, குனிஞ்சு, ஊர்ந்துதானே பின்னால போகணும்?" என்று ரேடியோ இடையில் புகுந்தான். "அலங்காரம் பண்ணின பொண்ணு அப்படி ஊர்ந்தா அன்னிக்கே டைவர்ஸ் கேட்டிருக்குமே அண்ணே!"

மெக்கானிக் சிரிக்கவில்லை. மேடமும் சிரிக்கவில்லை. அவர் பார்வை சுவரில் இருந்த கொக்கிமேல் நின்றது. கறுத்துப்போன கந்தல்கள் தொங்கிய இடத்தில் ஒரே ஒரு துணி மட்டும் துவைத்து, மடித்து, வெள்ளையாக இருந்தது.

"சீட்டுக்கு விரிக்கறதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பின் சீட்டுல ஒருத்தரும் உக்காரல. பக்கத்து சீட்டுல ஒரே ஒருத்தர்தான், கைத்தடியோட. உங்க வண்டியில வாடகைக்கு வந்தவர் ஒரே ஆளா? அஞ்சு வருஷமாவா?" மேடம் எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த மாதக் காலண்டரைத் தொட்டார். கனமாக இருந்தது. ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து வருஷத்துக் காலண்டர்கள். "பழசைத் தூக்கிப் போடறதில்லையா?"

"அதைத் தொடாதீங்கம்மா."

சத்தமாகச் சொல்லவில்லை. கெஞ்சலாகத்தான் சொன்னார். மேடம் அதற்குள் புரட்டிவிட்டார். வாராவாரம் வியாழக்கிழமைக் கட்டத்தில் சின்ன எழுத்தில் ஒரு எண். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்ததற்கும் முந்நூற்று எண்பது வித்தியாசம். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"முந்நூத்தி எண்பது," என்று மேடம் முணுமுணுத்தார். "போக நூத்தித் தொண்ணூறு, வர நூத்தித் தொண்ணூறு. வாராவாரம் வியாழக்கிழமை. இங்கேர்ந்து நூத்தித் தொண்ணூறு கிலோமீட்டர்ல என்ன இருக்கு ரேடியோ?"

ரேடியோ மனசுக்குள் சாலையில் ஓடிப் பார்த்தான். சிமெண்ட் தொழிற்சாலை நூற்று நாற்பதில் வந்துவிடும். அதற்கப்புறம் பொட்டல். அதற்கும் அப்புறம்...

"ஜெயிலு," என்றான். சொன்னபிறகு வேடிக்கையாக எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை.

மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்கு ரெண்டு பிள்ளைங்க," என்றார். "பாப்பா பெரியவ. பையன் சின்னவன். அஞ்சரை வருஷம் முன்னாடி பாப்பா லீவுக்கு வந்திருந்துச்சு. அது பிள்ளைக்கு எட்டு வயசு. மாமா மாமான்னு இவன் பின்னாடியே சுத்தும். ஐஸ்க்ரீம் வாங்கித் தரேன்னு இவன் தன் வண்டியில கூட்டிட்டுப் போனான். குடிச்சிருந்தான். யாருக்கும் தெரியல. தெரிஞ்சிருந்தா விட்டிருப்போமா? பாலத்துச் சுவத்துல மோதிட்டான். இவனுக்கு ஒரு கீறல் இல்ல. பிள்ளை..."

அவர் கையில் இருந்த துணியை முறுக்கினார்.

ரேடியோவுக்குக் காலையில் தான் அடித்த ஜோக் ஞாபகம் வந்தது. வளரவே வளராத குழந்தை. முன்பல் இல்லாமல் சிரித்த அந்தப் பையனின் படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் அதைச் சொன்னான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"எட்டு வருஷம் தண்டனை. தீர்ப்பு வந்த அன்னிக்கு பாப்பா சொல்லிடுச்சு. அவனப் போய் நீங்க பாத்தா, அன்னியோட எனக்கு அப்பா கிடையாதுன்னு. சாரும் சரின்னு தலையாட்டிட்டாரு. அப்புறம்தான் வாராவாரம் மீட்டரைப் படம் புடிச்சு அனுப்பச் சொன்னது. விலை ஏறும், ஓட்டாதீங்கன்னு சொல்லுச்சு. விலைக்காக இல்லேன்னு அதுக்கும் தெரியும், சாருக்கும் தெரியும். ரெண்டு பேரும் வாயத் திறந்து சொல்லிக்கல."

"மகளுக்குக் குடுத்த வாக்கை மீறி இந்தக் கார்லதான் போகணுமா?" என்றார் மேடம். "வாடகைக் கார் கிடைக்காதா?"

"நானும் கேட்டேன். இந்த வண்டி சத்தம் அவனுக்குத் தெரியும்டான்னாரு. பன்னெண்டு வயசுலேர்ந்து இது தெருமுனையில திரும்பும்போதே அப்பா வந்துட்டாருன்னு கேட்டைத் திறக்க ஓடினவன். ஜெயில் சுவரைச் சுத்தி ஒரு தடவை மெதுவா ஓட்டச் சொல்வாரு. உள்ள இருக்கறவன் கேட்டு ரெடியாயிடுவான்னு. வெள்ளிக்கிழமை நான் நம்பரைப் பழையபடி திருப்பி வைப்பேன். ஞாயித்துக்கிழமை சார் படம் புடிப்பாரு. கண்ணு தெரியாதில்ல, பொண்ண ஏமாத்தறோமேன்னு சொல்லிக்கிட்டே தடவித் தடவிப் புடிப்பாரு, அனுப்பி விடறது நான். அதான் எல்லாப் படமும் சாஞ்சிருக்கும்."

"அவர் இறந்தது மகனுக்குத் தெரியுமா?"

"அந்த வியாழக்கிழமை நான் பஸ்ல போனேன். சொல்லணும்னு அவசியமே இல்லாம போச்சு. வண்டி சத்தம் கேக்கல, நான் தனியா உள்ள வரேன். பாத்ததும் உக்காந்துட்டான்." மெக்கானிக் கண்ணை முழங்கையால் துடைத்தார். விரலெல்லாம் கிரீஸ். "அம்மா, ஒரு உதவி பண்ணுங்க. நான் திருடன்னே பாப்பாகிட்டச் சொல்லிடுங்க. பிள்ளையப் பறிகுடுத்துச்சு, தம்பி இல்லேன்னு ஆக்கிக்கிச்சு. அப்பா மட்டும் ஏமாத்தலேன்னு நம்பிக்கிட்டிருக்கு. அது இருந்துட்டுப் போகட்டும். எனக்கு என்ன, போலீஸ்னு வந்தாலும் பாத்துக்கறேன்."

மேடம் அந்தக் காலண்டர்களை ஆணியிலிருந்து கழற்றினார். "கண்டுபிடிக்கறதுதான் என் வேலை. யார் எதைச் சொல்லணும்கறது உங்க இஷ்டம்," என்றார். "ஆனா நேர்ல வந்து உங்க வாயால சொல்லுங்க. மீட்டர் திருப்பற பெட்டியையும் எடுத்துக்கங்க. காலண்டரையும்."

திரும்பும் வழியில் ரேடியோ ஒரு வார்த்தை பேசவில்லை. மேடம் இரண்டு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தார்.

*

பல் டாக்டர் ஷெட் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பை. மெக்கானிக் அவள் முன்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான்தான் பாப்பா. வாடகைக்கு விட்டேன். கல்யாணத்துக்கு, ஷூட்டிங்குக்கு. சாருக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்குக் கண்ணு தெரியாதில்ல, நான் ஏமாத்திட்டேன்."

மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பது போலச் சொன்னார். ரேடியோ தரையைப் பார்த்தான்.

அவள் மெக்கானிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சாதாரணமாக, வழி விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"இங்கேர்ந்து ஜெயிலுக்கு எவ்வளவு தூரம் மாமா?"

"நூத்தித் தொண்ணூறு."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வந்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அறுபது வயது மனிதர், தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையனைப் போல அழ ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "வியாழக்கிழமை எப்ப போன் பண்ணினாலும் சாயங்காலம் வரைக்கும் எடுக்க மாட்டார். கேட்டா தூங்கிட்டேன்னுவார். வெள்ளிக்கிழமை பேசும்போது குரல் வேற மாதிரி இருக்கும். தெரியாதா எனக்கு? ஆனா ஞாயித்துக்கிழமை படம் வரும். அதைப் பாத்துட்டு, இல்ல, போகலைன்னு எனக்கு நானே சொல்லிக்குவேன்." அவள் மேடத்தின் பக்கம் திரும்பினாள். "மெக்கானிக் மாமா திருடன்னு நீங்க சொல்லிட்டாப் போதும்னு இருந்துச்சு மேடம். அவர் திருடனா இருந்தா, அப்பா போகலைன்னு அர்த்தம். அதுக்காகத்தான் உங்களக் கூப்பிட்டேன். ஏலமாவது மண்ணாவது."

தன்னை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் மனுஷனைத் திருடனாக்கப் பார்த்தவள்மேல் ரேடியோவுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

"எத்தனை தடவை?" என்றாள்.

மேடம் காலண்டர் கட்டை அவள் மடியில் வைத்தார். "இருநூத்தி அம்பத்தஞ்சு."

அவள் புரட்டினாள். எண்கள் ஏறிக்கொண்டே போயின. புரட்டப் புரட்ட அவள் முகம் இறுகிக்கொண்டே வந்தது. "ஒரு வாரம்கூட விடலையா? ஒரு வாரம்கூடவா? என் பிள்ளையைக் கொன்னவனைப் பாக்க, மழைன்னு இல்ல, காய்ச்சல்னு இல்ல..."

"அஞ்சு வருஷத்துக்கு இருநூத்தி அறுபது வியாழக்கிழமை டாக்டர்," என்றார் மேடம் மெதுவாக. "அஞ்சு குறையுது. எந்த வாரம்னு பாருங்க."

அவள் தேடினாள். முதல் காலண்டரில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இரண்டாவதிலும் ஒன்று. மூன்றாவதைப் புரட்டும்போது கை தானாக அந்த மாதத்துக்கே போனது. ஐந்திலும் ஒரே மாதம், ஒரே வாரம். ரேடியோ எட்டிப் பார்த்து, அவள் முகத்தையும் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"பிள்ளை போன அந்த வாரம் மட்டும் வண்டி வேண்டாம்டான்னுடுவாரு," என்றார் மெக்கானிக் தேம்பிக்கொண்டே. "எடுக்கட்டுமான்னு கேட்டா பதிலே வராது. பேரன் சைக்கிள் உள்ள கெடக்குல்ல பாப்பா, அந்தச் சின்னச் சைக்கிள். அதை எடுத்து வச்சு நாள் பூரா தொடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கண்ணு தெரியாது. கையாலத் தடவித் தடவித் தொடைப்பாரு. மகன் அங்க காத்துக்கிட்டிருப்பான்னு அவருக்குத் தெரியும். இருந்தாலும் அந்த வாரம் போனதில்ல."

அவள் அழுதாள். பிள்ளை போனதற்கும் அப்பா போனதற்கும் சேர்த்து, யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். மேடம் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் அவளைத் தேற்றவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். அன்றைக்கு முதல்முறையாக வாசற்படியைத் தாண்டி ஷெட்டுக்குள் வந்தாள். டிரைவர் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டு போய், தேய்ந்த சீட்டில், அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். கால் வைத்த இடத்தில் கைத்தடியின் வட்டம் தெரிந்தது. அதன்மேல் படாமல் காலை நகர்த்திக்கொண்டாள்.

"மாமா, உண்மையான நம்பர் என்ன?"

"ஒரு லட்சத்துப் பதினஞ்சாயிரத்து முந்நூத்திப் பன்னெண்டு."

"அதை வைங்க."

"பாப்பா, வச்சா விலை போயிடும். கால் பங்குகூட வராது. ஏலத்துல..."

"வைங்க மாமா. வித்தா அந்த நம்பரோடதான் விப்பேன்." அவள் மீட்டரைக் கைகாட்டினாள். "அவனை நான் மன்னிக்கல. மன்னிக்கவும் மாட்டேன். ஆனா அப்பா போன தூரம் அவர் போன தூரம்தான். அதை அழிக்க யாருக்கும் உரிமை இல்ல. எனக்கும் இல்ல."

மெக்கானிக் வெள்ளைத் துணியை விரித்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டியின் ஒயரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி, சாவியைத் திருப்பினார். டேஷ்போர்டில் விளக்கு எரிந்தது. 18,412. இரண்டு மூன்று பொத்தான்களை அமுக்கினார். எண் ஒரு நொடி அணைந்து, மறுபடி எரிந்தது.

1,15,312.

ரேடியோ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கண் முன்னால் ஒரு வீடு கார் ஷெட்டாகிவிட்டது. இதைவிட நல்ல ஜோக் அவனுக்கு இந்த வருஷத்தில் கிடைக்காது. அவன் அதைச் சொல்லவில்லை.

அவள் தன் போனை எடுத்துக் குனிந்து மீட்டரைப் படம் பிடித்தாள். படம் கொஞ்சம் சாய்ந்துதான் விழுந்தது. பழக்கத்தில் விரல் அதே பெயரைத் தொட்டது, அனுப்பியும் விட்டது. அப்புறம்தான் யாருக்கு அனுப்பினோம் என்று அவளுக்கு உறைத்தது.

மடியில் இருந்த கைப்பைக்குள் அப்பாவின் போன் டிங் என்று ஒரு சத்தம் போட்டது. நாற்பது நாளாக அவள் அதற்கு தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.